பந்தியிலிருந்து எழுந்தவர்: அந்தாக்யா முதல் யால்வாச் வரை

அக்டோபர் 8, 2022, சனி. அந்தாக்யா

அண்ணாச்சியின் பெட்டி வரவில்லை. விமான நிலையத்தில் பெட்டி வரும் பட்டை சுற்றி ஓய்ந்து நின்றுவிட்டது. எங்களோடு இறங்கியவர்களும் போய்விட்டார்கள். கவுன்டரில் இருந்த பெண் எதையோ தட்டிப் பார்த்து, "இஸ்தான்புல்" என்று சொல்லி, ஒரு தாளில் எண் எழுதிக் கொடுத்தாள். வேட்டி சட்டை மட்டும் என்றால் பரவாயில்லை. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய், தேங்குழல் எல்லாம் அதில்தான். அண்ணாச்சி சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார்.

அண்ணாச்சி எனக்கு உறவில்லை. திருநெல்வேலியில் பக்கத்துத் தெரு. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கொன்யாவில் சூஃபிக் கவிஞர் ரூமியின் சமாதியைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. "நீ ஒன் பவுலைப் பாரு, நான் ரூமியைப் பாக்கேன், செலவு பாதிப் பாதி" என்று கிளம்பிவிட்டார்.

என் காரணம் வேறு. துருக்கியின் இந்த அந்தாக்யாதான் அன்றைய அந்தியோகியா. ஏறக்குறைய 2000 வருஷங்களுக்கு முன் இந்த ஊரில் ஒரு பந்தியில் சண்டை நடந்தது. யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இயேசுவின் சீடர் பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். யூதரல்லாதவர்களிடம் இயேசுவைப் பிரசங்கித்து வந்த பவுல் எல்லோர் முன்னாலும் அவரைக் கேள்வி கேட்டார். இயேசுவை ஏற்றுக்கொண்ட கிரேக்கனும் சிரியனும் மோசேயின் சட்டத்தையும் கைக்கொள்ள வேண்டுமா, விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா, எதைச் சாப்பிடலாம் என்ற பெரிய வழக்கின் ஒரு காட்சி அது. அந்தச் சண்டைக்குப் பிறகு பவுல் நடந்த வழியிலேயே போய்ப் பார்ப்பது என் திட்டம்.

ராத்திரி சாப்பாடு: பருப்பு சூப், ரொட்டி, எலுமிச்சை. 25 லிரா. அப்போது ஒரு லிரா நமக்கு நாலரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. "இறைச்சி இல்லையே?" என்று போன் மொழிபெயர்ப்பில் கேட்டோம். "இல்லை, இல்லை" என்றார் பரிமாறியவர். அண்ணாச்சி பாதி குடித்த பிறகு, சமையல்காரரே வெளியே வந்து, சூப் நன்றாக இருக்கிறதா, எலும்பு வேகவைத்த தண்ணீரில்தான் எப்போதும் செய்வேன் என்று பெருமையோடு விளக்கினார். அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. சமையல்காரருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெறும் ரொட்டியை எலுமிச்சையில் தொட்டுச் சாப்பிட்டார்.

சந்தையில் விற்கிற இறைச்சியை மனச்சாட்சியைக் காரணம் காட்டித் துருவித் துருவி விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அன்றைக்கு அதை அண்ணாச்சியிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அக்டோபர் 9, ஞாயிறு. குகை

காலையிலேயே வெயில். ஊருக்குக் கிழக்கே மலைச்சரிவில் பேதுருவின் குகைக்கோயில். முன்பக்கக் கல் முகப்பு 1863இல் கப்புச்சின் துறவிகள் புதுப்பித்தது. உள்ளே இருட்டு, ஈரம், தரையில் பழைய மொசைக்கின் சில துண்டுகள், ஓரத்தில் சொட்டும் தண்ணீர். பேதுரு இங்கேதான் உட்கார்ந்து பேசினார் என்பது வழிவழியாகச் சொல்லிவருவது. முதல் நூற்றாண்டுக்கு அத்தாட்சி எதுவும் இல்லை. அந்தியோகியாவில் அவர்கள் கூடியது வீடுகளில்தான். கூடுதல் என்றாலே அதில் சாப்பாடும் உண்டு. இயேசுவின் நினைவாக அப்பம் பிட்டதே அந்தப் பந்தியில்தான். அதனால் ஒருவர் எழுந்து போனால் சாப்பாட்டை மட்டும் விட்டுப் போனதாக ஆகாது.

குகையிலிருந்து மேலே ஒரு ஒற்றையடிப் பாதை. ஆட்டுப் புழுக்கையும் சறுக்கும் கல்லும். அண்ணாச்சி செருப்போடு ஏறினார், ஒரே ஒரு ஜோடி அதுதானே. மேலே பாறையில் பெரிய முகம் ஒன்று செதுக்கியிருக்கிறது, மூக்கு தேய்ந்து, தலையில் முக்காடு. மரித்தவர்களைப் படகில் ஏற்றிப் போகிற காரோன் என்று உள்ளூரில் சொல்கிறார்கள். நாலாம் அந்தியோகஸ் ராஜா காலத்தில் கொள்ளைநோய் பரவியபோது அதை நிறுத்தச் செதுக்கியது என்பது பழைய வரலாற்றுக் குறிப்பு.

அந்த ராஜா பெயரைக் கேட்டதும் எனக்கு அங்கேயே உட்காரத் தோன்றியது. பன்றி இறைச்சி தின்ன மறுத்ததற்காக ஒரு தாயையும் ஏழு பிள்ளைகளையும் சித்திரவதை செய்து கொன்றதாக மக்கபேயர் நூல் சொல்வது இவனைத்தான். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. அந்த எட்டுப் பேரின் கல்லறை அந்தியோகியாவில் இருப்பதாக ஊர் நம்பியது. யூதர்கள் அங்கே போனார்கள், பிற்காலத்தில் கிறிஸ்தவர்களும் போனார்கள்.

ஞாயிறு பள்ளியில் எனக்குச் சொன்ன கதையில் யூதச் சட்டம் பேசியவர்கள் எல்லோரும் குறுகிய மனசுக்காரர்கள், வீண் சம்பிரதாயம் பிடித்தவர்கள். இந்த ஊரில் நின்று பார்த்தால் அது அநியாயம். தட்டில் எது இருக்கிறது என்பதற்காக உயிரைக் கொடுத்த பாட்டன் பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் அவர்கள். "சும்மா ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்று அவர்களிடம் யாரும் சொல்லிவிட முடியாது. யூதன் அந்நியனோடு உட்காரவே கூடாது என்றும் இல்லை. இந்த இறைச்சி எந்தச் சிலைக்குப் படைத்தது, இரத்தம் வடித்ததா, இந்தத் திராட்சை ரசத்தில் யாருக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தைத் தருகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. போதாதற்கு இந்த ஊர் யூதர்களின் வழிபாட்டில் கிரேக்கர்கள் நிறையப் பேர் ஈர்க்கப்பட்டார்கள் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். ஆக இங்கே இரண்டு கூட்டமும் ஏற்கனவே பின்னிப் பிணைந்துதான் இருந்தது.

சாயங்காலம் குர்துலுஷ் தெரு. பழைய அந்தியோகியாவின் தூண் வரிசைத் தெரு இதன் அடியில்தான் போகிறது. யூத ஜெபஆலயம் அதே தெருவில், வீடுகளுக்கு நடுவே, கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுவோம். கதவு பூட்டியிருந்தது. எதிர்க் கடைக்காரர் விரல்களை விரித்துக் காட்டினார்: இவ்வளவு பேர்தான் மிச்சம். இன்று சூரியன் மறைந்ததும் அவர்களுக்குக் கூடாரப் பண்டிகை தொடங்குகிறது.

கி.பி. 386இல் இதே பருவத்தில் இந்த ஊரில் யோவான் கிறிசொஸ்தம் பிரசங்க மேடையில் கொதித்துக்கொண்டிருந்தார். அவருடைய சபையார் எக்காளப் பண்டிகைக்கும் கூடாரப் பண்டிகைக்கும் ஜெபஆலயம் போனார்கள், யூதர்களோடு உபவாசம் இருந்தார்கள், சத்தியம் செய்ய வேண்டுமென்றால் அங்கே போய்ச் செய்தார்கள். அவர்களைத் தடுக்க எட்டுப் பிரசங்கம் செய்தார். யூதர்களைப் பற்றி அதில் அவர் பேசிய வார்த்தைகளைப் படித்தால் வாய் கசக்கும். பிற்காலத்தில் யூத வெறுப்பர்களுக்கு அவை நல்ல ஆயுதமாகவும் உதவின. பவுலும் பேதுருவும் மோதி முந்நூறு வருஷம் கழித்தும் இந்த ஊர்ச் சாதாரண ஜனங்கள் இரண்டு பந்தியிலும் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கம் எடுக்கத் தோன்றவில்லை. எனக்கு அவர்களைப் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 10, திங்கள். சந்தை

பெட்டி இன்னும் வரவில்லை. அண்ணாச்சிக்கு ஒரு வேட்டி கிடைக்குமா என்று நீளச் சந்தைக்குள் நுழைந்தோம். வேட்டி எங்கே கிடைக்கும்? 150 லிராவுக்குத் தொளதொளக் கால்சட்டை ஒன்று வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு நடந்தவரைக் கடைக்காரர்கள் உள்ளூர்ப் பெரியவர் என்று நினைத்து அரபியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கசாப்புக் கடையில் நான் தட்டுக் கபாப் சொன்னேன். இங்கே முறை வேடிக்கையானது. கசாப்புக்காரர் வளைந்த பெரிய கத்தியால் இறைச்சியை மிளகாயோடும் பார்ஸ்லியோடும் கொத்தி, வட்டத் தட்டில் அப்பி, பையன் கையில் கொடுத்துப் பக்கத்து ரொட்டி அடுப்புக்கு அனுப்புகிறார். கால் மணி நேரத்தில் ரொட்டியோடு திரும்பி வருகிறது. 90 லிரா. அண்ணாச்சிக்கு ஹும்முஸ், பச்சைக் காட்டுத்துளசி போலிருந்த ஸஹ்தர் இலைச் சாலட், மிளகாய் விழுது தடவிச் சுட்ட ரொட்டி. அவர் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார், ஆனால் என் தட்டுக்கும் அவர் தட்டுக்கும் நடுவே தண்ணீர் ஜாடியை நகர்த்தி வைத்துக்கொண்டார். கேட்டால், "தெறிக்கும்லா" என்றார்.

ஜாடி நடுவே இருக்க, முழுக் கதையையும் சொன்னேன். யூதேயாவிலிருந்து சிலர் இங்கே வந்து, விருத்தசேதனம் இல்லாவிட்டால் இரட்சிப்பு இல்லை என்கிறார்கள். தகராறு பெரிதாகிப் பவுலும் அவருடைய கூட்டாளி பர்னபாவும் எருசலேம் போகிறார்கள். கி.பி. 49ஐ ஒட்டி. இயேசுவின் சகோதரன் யாக்கோபு அங்கே தலைமை. அவர் சொன்ன முடிவு: புறஜாதியார் (யூதரல்லாதவர்) மேல் பாரம் சுமத்த வேண்டாம், ஆனால் விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் இவற்றை விலக்கட்டும். இது பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில் உள்ளது. பவுல் கலாத்தியருக்கு, அதாவது நடுத் துருக்கிப் பக்கத்துச் சபையாருக்கு, எழுதிய கடிதத்தில் இந்த நாலு நிபந்தனை பற்றிப் பேச்சே இல்லை. தரித்திரரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் கேட்டார்களாம். கிரேக்கனான தீத்துவைக்கூட யாரும் கட்டாயப்படுத்தவில்லையாம். பிறகு அந்தியோகியாவில் பேதுரு வந்து எல்லோரோடும் சாப்பிடுகிறார், யாக்கோபிடமிருந்து ஆட்கள் வருகிறார்கள், விலகுகிறார். மற்ற யூதர்களும் விலகுகிறார்கள். பர்னபா கூட. "நான் முகமுகமாய் அவனோடே எதிர்த்தேன்" என்று பவுல் எழுதுகிறார். இந்தச் சண்டை எருசலேம் கூட்டத்துக்கு முன்னா பின்னா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

அண்ணாச்சி ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னார்: "பேதுரு என்ன தம்பி பண்ணுவாரு? ஊர்ல இருந்து பெரியாளுக வந்து நிக்காங்க. இவரு அந்த ஊர்ப் பிழைப்பையும் பாக்கணும். மெள்ள நகந்துக்கிட்டாரு. அதுக்குச் சபையில வச்சு மானத்தை வாங்கணுமா?"

"அங்க உக்காந்திருந்த கிரேக்கனுக்கு எப்படி இருந்திருக்கும் அண்ணாச்சி? நேத்து வரைக்கும் ஒரே தட்டு. இன்னைக்குத் தொட்டா தீட்டு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வடக்கன்குளத்துல கோயிலுக்குள்ளயே சாதிக்கொரு பக்கமாச் சுவரு வச்சிருந்தாங்கள்லா, பின்னால இடிச்சாங்க" என்றார். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

(பயணம் முடிந்து இதைத் தட்டெழுதி ஏற்றும்போது ஒரு சேர்க்கை. 2023 பிப்ரவரி 6 விடிகாலை நிலநடுக்கத்தில் இந்த ஊரின் பழைய பகுதி பெரும்பாலும் நொறுங்கிவிட்டது. ஹபீப்-இ நெஜ்ஜார் மசூதியும் ஆர்த்தடாக்ஸ் கோயிலும் இடிந்தன. குகை தப்பித்தது. மேலே எழுதியதை நான் மாற்றவில்லை.)

அக்டோபர் 12, புதன். தார்சூஸ்

நேற்று முழுக்கப் படுக்கை. இனிப்புப் பாகில் முக்கிய சீஸ் குனேஃபேயை நான் இரண்டு தட்டு சாப்பிட்டதன் பலன். எழுத ஒன்றுமில்லை.

இன்று பஸ். பெலென் கணவாய் ஏறி இறங்கினால் கடல் தெரிகிறது. பஸ்ஸில் ஒரு பையன் எல்லோர் உள்ளங்கையிலும் எலுமிச்சை வாசனைக் கொலோன் ஊற்றிக்கொண்டு வந்தான். அண்ணாச்சி தீர்த்தம் என்று நினைத்து வாய்வரை கொண்டுபோய்விட்டார். பக்கத்து சீட் அம்மாள் அவர் கையைப் பிடித்துத் தடுத்து, சிரிப்பை அடக்க முடியாமல், பையிலிருந்து இரண்டு மாதுளம்பழம் எடுத்துக் கொடுத்தார்.

தார்சூஸ் பவுல் பிறந்த ஊர். அவர் பேரில் ஒரு கிணறு. வாளியில் தண்ணீர் இறைத்துத் தருகிறார்கள். குடித்தோம், சாதாரணத் தண்ணீர். சுற்றிப் பார்க்க வேறு அதிகம் இல்லை, ஆனால் ஹும்முஸ் உண்டு. இங்கே அதைச் சுடச்சுட, மேலே உருக்கிய வெண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். 45 லிரா. பெட்டி தொலைந்ததிலிருந்து அண்ணாச்சி முகத்தில் வெளிச்சம் பார்த்தது இன்றுதான். இரண்டாவது தட்டும் சொன்னார். கூடவே வந்த கருஞ்சிவப்புப் புளிச்சாறு, கறுப்புக் கேரட்டைப் புளிக்கவைத்தது, அவர் வயிற்றை இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை.

அக்டோபர் 13, வியாழன். மலை தாண்டி

சிலிசிய வாசல் என்ற கணவாய் வழியாக வடக்கே. இந்தப் பக்கம் சட்டை ஒட்டும் புழுக்கம், அந்தப் பக்கம் இறங்கினால் பல் கிட்டும் காற்று. இப்போது நெடுஞ்சாலை. பவுலும் அவருடைய புதுத் துணை சீலாவும் நடந்துதான் போயிருக்க வேண்டும். பர்னபா கூட வரவில்லை. மாற்கு என்பவரைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்ற தகராறில் பிரிந்தார்கள் என்று நடபடிகள் சொல்கிறது. எனக்கு முழு நம்பிக்கை இல்லை. பந்தியில் பர்னபாவும் எழுந்து போனாரே, அந்தக் காயம் இதற்குள் இல்லாமலா இருக்கும்?

இன்னொன்றும் தோன்றியது. பேதுரு தப்பை உணர்ந்தார், சபை என் பக்கம் வந்தது என்று பவுல் எங்குமே எழுதவில்லை. ஜெயித்திருந்தால் பவுல் சொல்லாமல் விடுகிற ஆளா? அந்தியோகியாவில் அவர் தோற்றார் என்று பல அறிஞர்கள் நினைக்கிறார்கள். நானும் அந்தக் கட்சி. அதற்குப் பிறகு அந்த ஊர் அவருக்குத் தலைமையிடமாக இருக்கவில்லை.

எரெய்லிக்கு முன் நெடுஞ்சாலையோரம் எங்களை இறக்கிவிட்டு, "பேருந்து நிலையம் அதோ" என்று கைகாட்டிவிட்டு வண்டி போய்விட்டது. அதோ என்பது நாலு கிலோமீட்டர். புழுதிக் காற்று. பீட்ரூட் கிழங்கு ஏற்றிவந்த டிராக்டர்க்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். காசு நீட்டியதும் கோபித்துக்கொண்டார். இரவு காராமான். குளிர், 8 டிகிரி. அண்ணாச்சி என் ஸ்வெட்டருக்குள்.

அக்டோபர் 14, வெள்ளி. தெர்பை, லீஸ்திரா

பவுல் போன இந்த இரண்டு இடத்துக்கும் பஸ் கிடையாது. நாள் முழுக்க டாக்ஸி, கடைசியில் கொன்யாவில் இறக்கிவிட 1,500 லிரா. ஓட்டுநருக்குத் தெர்பை தெரியும். லீஸ்திராவைக் கேள்விப்பட்டதில்லை.

தெர்பை ஒரு மண்மேடு. 1956இல் ஒரு கல்வெட்டுக் கிடைத்த பிறகுதான் ஊர் இந்தப் பக்கம் என்று தெரிந்தது. முள்ளும் ஓட்டுத் துண்டும். பத்து நிமிஷம் நின்றோம்.

லீஸ்திராவும் மண்மேடுதான், ஹாதுன்சராய் என்ற ஊருக்கு அருகே. 1885இல் ஸ்டெரெட் என்ற அமெரிக்கர் ஊர்ப் பெயர் பொறித்த கல்லைக் கண்டுபிடித்தார். ஓட்டுநர் முதலில் வேறொரு மேட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே முள் பட்டை கட்டிய இரண்டு ஆட்டு நாய்கள் எங்களை நோக்கி வந்த வேகத்தைப் பார்த்து அண்ணாச்சி புதுக் கால்சட்டையில் ஓடியதை நான் இந்த வயதில் எதிர்பார்க்கவில்லை. ஆட்டுக்காரர் ஒரு சத்தம் போட்டார், நாய்கள் உட்கார்ந்தன. அவர்தான் சரியான மேட்டைக் காட்டினார், கூடவே ஒரு கை நிறைய வால்நட். அதற்குள் ஜும்மா நேரம். ஓட்டுநர் ஊர் மசூதிக்குப் போய்விட்டார், நாங்கள் மேட்டில் காத்திருந்தோம்.

இங்கேதான் பவுலைத் தேவன் என்று கும்பிட வந்தார்கள், பிறகு அதே ஊரில் கல்லெறிந்து செத்தான் என்று வெளியே இழுத்துப் போட்டார்கள். அதைவிட எனக்கு உறுத்துகிற காரியம் அடுத்த வருகையில் நடந்தது. தீமோத்தேயு இந்தப் பக்கத்து இளைஞன். தாய் யூதப் பெண், தகப்பன் கிரேக்கன். அவனைக் கூட அழைத்துப்போக விரும்பிய பவுல், அந்த வட்டாரத்து யூதர்களுக்காக அவனுக்கு விருத்தசேதனம் பண்ணினார்! எருசலேம் வரை போய், வேண்டாம் என்று வாங்கிவந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே.

விருத்தசேதனம் பண்ணிக்கொண்டால் கிறிஸ்துவால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று கலாத்தியருக்கு எழுதியவரும் இவரே. விளக்கம் சொல்கிறார்கள்: தாய் யூதப் பெண் என்பதால் தீமோத்தேயு யூதன், தீத்து முழுக் கிரேக்கன், இரண்டும் வேறு வழக்கு. ஜெபஆலயங்களுக்குள் போய்ப் பேச அது வசதி. நியாயம்தான். ஆனால் "ஊர்க்காரர்களுக்காக" என்ற அந்தக் காரணம் பேதுரு சொல்லியிருக்கக்கூடிய காரணமும் அல்லவா? நான் இன்னும் விருத்தசேதனத்தைப் பிரசங்கிக்கிறேன் என்றால் ஏன் துன்பப்படுகிறேன் என்று பவுல் அதே கடிதத்தில் சீறுகிறார். யாரோ அவரிடம் தீமோத்தேயுவைச் சுட்டிக் கேட்டிருப்பார்கள் போல.

அண்ணாச்சிக்கு இது ஏகத் திருப்தி. "அப்போ ஒங்க ஆளும் நகந்திருக்காரு" என்றார். கொன்யா வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அக்டோபர் 15, சனி. கொன்யா

அண்ணாச்சியின் நாள். ரூமி சமாதியின் பச்சைக் கூம்பைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது அவருக்கு. உள்ளே கூட்டம் நெரித்தது. ஒரு மூலையில் அரை மணி நேரம் நின்றார், நான் வெளியே ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுதிக்குத் திரும்பினால் பெட்டி! ஊர் ஊராகத் துரத்தி எங்களைப் பிடித்துவிட்டது. திறந்தார். புளிக்காய்ச்சல் பாட்டில் உடைந்து நாலு வேட்டியும் ஒரே நிறம். பருப்புப் பொடி மட்டும் பத்திரம். விமான நிறுவனத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தவர், வங்கிப் பாணியில் பத்தி எண் போட்டு இரண்டு பக்கம் எழுதினார்.

மதியம் நான் எட்லி எக்மெக், ஒரு முழம் நீள மெல்லிய ரொட்டியில் கொத்துக்கறி. 65 லிரா. வெண்டைக்காய் சூப் என்று மெனுவில் பார்த்து அண்ணாச்சி ஆசையாகச் சொன்னார். நகக்கண் அளவு உலர்ந்த வெண்டைக்காய், புளிப்பான சாறு, அதற்குள் குட்டிக் குட்டியாக ஆட்டிறைச்சி. தட்டு என் பக்கம் நகர்ந்தது. பரிமாறிய பையன் கவனித்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் வெள்ளரிக்காய், தயிர், பச்சை மிளகாய், சீஸ் ரொட்டி கொண்டுவந்து வைத்தான். பில்லில் அது இல்லை. எதிலிருந்து விலகுகிறாய், ஏன் என்று இந்த ஊரில் யாருமே அண்ணாச்சியைக் கேட்கவில்லை.

அக்டோபர் 16, ஞாயிறு. யால்வாச்

அக்ஷெஹிரில் பஸ் மாற வேண்டும். ஒரு மணி நேரம் கிடைத்ததில் முல்லா நஸ்ருதீன் சமாதியைப் பார்த்தோம்: சுற்றிலும் சுவரில்லாத தூண்கள், முன்வாசலில் மட்டும் பெரிய பூட்டு. மலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

யால்வாச் பக்கத்து மேட்டில் பிசீதியா நாட்டு அந்தியோகியா. பெயர் ஒன்றுதான், ஊர் வேறு. ரோமப் பட்டாளத்து ஓய்வூதியக்காரர்களுக்காக அகுஸ்து ராயன் அமைத்த குடியேற்றம். கோயில் பீடம், தண்ணீர்க் கால்வாயின் வளைவுகள், பவுல் பேரில் நாலாம் நூற்றாண்டுக் கோயிலின் தரை. பவுல் பேசிய ஜெபஆலயம் அதன் அடியில் என்கிறார்கள். நனைந்துகொண்டே நடந்தோம், எங்களைத் தவிர ஆளில்லை. இங்கே அவர் பேசிய அடுத்த ஓய்வுநாளில் கிட்டத்தட்டப் பட்டணம் முழுவதும் கூடியது என்று நடபடிகள் சொல்கிறது. பிறகு விரட்டியும்விட்டார்கள்.

கலாத்தியர் கடிதம் இந்த ஊர்களுக்குத்தான் எழுதப்பட்டது, யால்வாச், கொன்யா, லீஸ்திரா, தெர்பை என்பது ஒரு கட்சி. இல்லை, வடக்கே அங்காரா பக்கத்துக் கெல்ட் இனத்தாருக்கு என்பது மறு கட்சி. எப்படியோ, பவுல் போன பிறகு யாரோ வந்து, நீங்கள் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள், விருத்தசேதனமும் வேண்டும் என்றார்கள். ஜனங்களும் கேட்டார்கள். சும்மா பயந்து கேட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஊர்த் தெய்வங்களை விட்டாயிற்று, யூதரும் இல்லை, வேறு எதுவும் இல்லை. ஓய்வுநாள், பண்டிகை, முன்னோர் வரிசை என்று ஒரு முழு வாழ்க்கை கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? "புத்தியில்லாத கலாத்தியரே" என்று திட்டுவாங்க அவர்கள் செய்த குற்றம் அவ்வளவே.

ஊருக்கு நடுவே பல நூறு வருஷத்துப் பிளேன் மரம், அடியில் தேநீர்க் கடைகள். தேநீர் 4 லிரா. மழைக்கு உள்ளே ஒதுங்கினோம். அண்ணாச்சி என் போனை வாங்கிக் கலாத்தியர் கடிதத்தின் ஆறு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் படித்தார். நான் அவரிடம் ஜஸ்டின் என்ற இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் பற்றிச் சொன்னேன். கி.பி. 160 வாக்கில் அவர் எழுதிய உரையாடலில் திரிபோ என்ற யூதர் கேட்கிறார்: இயேசுவையும் நம்பி மோசேயின் சட்டத்தையும் கைக்கொள்கிறவனுக்கு இரட்சிப்பு உண்டா? மற்றவர்களைக் கட்டாயப்படுத்தாவிட்டால் உண்டு என்கிறார் ஜஸ்டின். ஆனால் அப்படிப்பட்டவர்களோடு பேசவும் விருந்தில் கலக்கவும் மறுக்கிற கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது சம்மதமில்லை என்றும் சேர்க்கிறார். அந்தியோகியாப் பந்தியிலிருந்து நூறு வருஷத்துக்குச் சற்று அதிகம்தான் ஆகியிருந்தது. இடையில் எருசலேம் ஆலயம் எரிந்துவிட்டது, யாக்கோபைக் கொன்றுவிட்டார்கள், சபைகளில் புறஜாதியார் பெருகிவிட்டார்கள். இப்போது எழுந்து போகிறவர்கள் இவர்கள். கூட உட்காரக்கூடாதவர்கள் பேதுருவின் சொந்தக்காரர்கள். யாக்கோபின் ஆட்களுக்காவது மக்கபேயர் கல்லறை என்று ஒரு காரணம் இருந்தது. இவர்களுக்கு என்ன காரணம்?

அண்ணாச்சி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய ஆட்சேபம் வேறு.

"தம்பி, பவுல் அத்தனை கேள்வி கேட்டாரே, பேதுரு என்ன பதில் சொன்னாருன்னு இதுல எங்கயும் இல்லையே?"

"இல்லை அண்ணாச்சி. வேற எங்கயும் இல்லை."

"எத்தனை விசாரணை பாத்திருக்கேன். குற்றம் சாட்டினவன் வாக்குமூலம் மட்டும் வச்சு நான் ஒருத்தனையும் சஸ்பெண்டு பண்ணுனதில்ல."

இஸ்பார்த்தா போகும் கடைசி மினிபஸ் நாலு மணிக்கு. கடைக்காரர் ஓடிவந்து சொன்னதால் பிடித்தோம். 50 லிரா, நின்றுகொண்டே பயணம்.